பூலிங்கைத் தொடாதே!

"அந்தப் பூலிங் மேல யாரும் கை வைக்கக் கூடாது!"

மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் அடித்துச் சொன்னார் சீனியர். டீமில் அவருக்குப் பட்டப்பெயர் 'கறார்'.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மகள் பள்ளிக்கூடம் போகும்வரை வீட்டோடு இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவள். வேலை கச்சிதம், வாய்தான் திறக்காது. "உங்க குரலே கேக்க மாட்டேங்குதே, எதை வெச்சு நிரந்தரம் பண்றது?" என்று மேனேஜர் போன வாரம் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

டிக்கெட் சர்வர் மந்தமாக ஓடுவது பற்றித்தான் இன்று பேச்சு. ஆப்ஜெக்ட் எனும் சின்ன டேட்டாப் பொட்டலங்களைச் சேர்த்துவைக்கும் அந்தப் பூலிங்கை எடுத்துவிடலாம் என்று அவள் மெயில் போட்டிருந்தாள். எழுதும் வரைதான் தைரியம்.

"ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு ஆப்ஜெக்டை உண்டாக்கித் தூக்கி எறிஞ்சா மெமரி என்னத்துக்கு ஆகும்? எடுத்து வெச்சு திரும்பத் திரும்ப உபயோகிக்கத்தானே பூலிங்? இதுகூடத் தெரியாம மெயில் போட்டா எப்படி?"

அவளுக்குச் சுருக்கென்றது.

"தெரியாமப் போடல, சார்."

"அப்ப சொல்லுங்க. மெயில்ல இல்ல, வாயால."

"அது அந்தக் காலத்துக் கணக்கு, சார். மெமரியைச் சுத்தம் பண்ற இப்பத்திய கார்பேஜ் கலெக்டர், உடனே செத்துப்போற சின்ன ஆப்ஜெக்டையெல்லாம் சுலபமா கூட்டித் தள்ளிடும். நாமதான் சாகவிடாம பூலிங்ல பிடிச்சு வெச்சு அதுக்கு வேலை வைக்கறோம். போதாக்குறைக்கு, பூலிங்லேர்ந்து எடுக்க எல்லாத் தேடலும் க்யூவுல நிக்குது."

"அப்ப டேட்டாபேஸ் கனெக்‌ஷனுக்கும் பூலிங் வேணாமா?"

"வேணும். அதை உண்டாக்கறதே பெரிய வேலை. இந்தச் சில்லறைக்கு எதுக்கு?"

"வாய்ப்பேச்சு போதாது."

அவள் விறுவிறுவென்று போய் லேப்டாப்பைப் பெரிய திரையில் இணைத்தாள். பூலிங்கோடு சர்வர் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு கோடு, பூலிங் இல்லாமல் ஒரு கோடு. இரண்டாவது நன்றாகவே கீழே இறங்கிக் கிடந்தது.

மேனேஜர் திரும்பினார். "என்ன சார், இத்தனை நாளா இதையா கட்டிக்கிட்டு அழுதோம்?"

"தப்பு என்னோடதுதான்" என்றார் கறார். முகம் மாறவில்லை.

சாயங்காலம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, வேலை நிரந்தரம் என்றார்.

காபி மெஷின் பக்கத்தில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து சீட்காரியிடம் சொன்னாள்: "அவ்ளோ பெரிய சீனியர்! அவருக்குப் போய் இது தெரியலையேக்கா!"

"யாருக்கு, கறாருக்கா? மத்த சர்வர்லேர்ந்து பூலிங்கையெல்லாம் பிடுங்கிப் போட்டதே அவர்தான்டி. இதையும் எடுக்கத்தான் உக்காந்தார். உன் மெயிலைப் பார்த்ததும் கையை எடுத்துட்டார். 'மீட்டிங்ல நான் எதிர்த்துப் பேசறேன், யாரும் குறுக்க வராதீங்க. அவங்க ஜெயிக்கட்டும்'னு எங்க எல்லார் வாயையும் கட்டிட்டார்!"