பின்வாங்கச் சொன்ன உத்தரவு

செல்லாக் காசை வைப்பதுபோல் அவள் அந்தப் பதக்கத்தை மேசைமேல் வைத்தாள்.

"நீங்களே வச்சுக்கோங்கண்ணா. எனக்கு வேண்டாம்."

படையில் செய்தித்தொடர்பு பார்த்த சிக்னல்காரர் அதைத் தொடவில்லை. அதே நாளில், அதே மேடையில் அவருக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். அது சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. செத்துப்போன புருஷனுக்கான பதக்கத்தை நிறைமாத வயிற்றோடு இவள்தான் ஏறி வாங்கினாள்.

அவனைப் படையில் எல்லாரும் நெட்டை என்பார்கள். பதுங்கு குழிக்குள் உட்கார்ந்தாலும் தலை வெளியே தெரிகிறது என்று கேலி செய்வார்கள்.

சிக்னல்காரரின் மனைவி தேநீரை வைத்தாள். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

"மேடையில என்ன வாசிச்சாங்கன்னு ஞாபகம் இருக்கா? பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தும் பின்வாங்கலையாம். எல்லாரும் கை தட்டுனாங்க. நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வான்னு சொன்னப்ப வந்திருக்கலாம்ல? ஒரு மண்மேடு பெருசாப் போச்சு. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுமில்லாமப் போயிட்டோம்."

அவள் அழவில்லை. அழுது தீர்ந்த பிறகு மிஞ்சுகிற கோபம் அது. வீட்டில் அவன் படம் ஒன்றுகூட மாட்டியதில்லை என்று அவருக்குத் தெரியும். செத்தவனோடு ஒருத்தி இத்தனை வருஷம் சண்டை போட முடியும் என்று அவர் நினைத்ததில்லை.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவனுக்குத் தெரியாதும்மா," என்றார்.

அவள் நின்றாள்.

"உத்தரவு அவன்கிட்டப் போய்ச் சேரவே இல்ல. குண்டு விழுந்து தொலைபேசிக் கம்பி அறுந்துபோச்சு. வான்னு சொன்னது காதுல விழுந்திருந்தா, உன்னை நினைச்சு ஓடி வந்திருப்பான்."

அவள் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். முதலில் சத்தமே வரவில்லை. அப்புறம் சின்னப் பிள்ளைபோல் விம்மி விம்மி அழுதாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பதக்கத்தை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"அந்தக் குண்டு மழையில நீங்களாவது இடத்தை விட்டு நகராம இருந்தீங்களே. இல்லேன்னா இதைச் சொல்ல இன்னைக்கு யாரு இருக்கா?"

அவர் சுவரைப் பார்த்தார். நகராததற்குத்தான் அந்தப் பதக்கம்.

கம்பி அறுந்தால் செய்தியோடு ஆளே ஓட வேண்டும். சிக்னல் பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது அது. நெட்டையின் குழி, கூப்பிடு தூரத்துக்குச் சற்று அப்பால்தான் இருந்தது. அன்று அவர் தலையை நீட்டிப் பார்த்தார். வெளியே மண் கொதித்துக்கொண்டிருந்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். உத்தரவைச் சொல்லியாயிற்றா என்று மேலிடத்திலிருந்து ரேடியோவில் கேட்டார்கள்.

"சொல்லியாச்சு," என்றார்.

இன்று பாதி உண்மையைத்தான் சொல்லியிருந்தார். ஆனால் அவள் முகம் தெளிந்திருந்தது. பாதியே போதும்போல் இருந்தது.

"ஒரே ஒரு உதவிண்ணா." அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக் கையசைத்தாள். "பொண்ணு கார்ல இருக்கா. அப்பா பேச்சை எடுத்தாலே எரிஞ்சு விழுவா. நான் சொன்னா நம்ப மாட்டா. எப்படி அறுந்துச்சு, என்ன ஆச்சுன்னு நீங்களே விவரமாச் சொல்லிடுங்க. அவளுக்கு எல்லாம் புரியும்."

"என்னம்மா பண்றா இப்ப?"

"உங்க வேலைதான். ராணுவத்துல சிக்னல். போன மாசம்தான் பயிற்சி முடிச்சா."

தெருவில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.