எவரும் நிரப்பும் படிவம்

கள்ளக்குறிச்சியில் நடைபெற்ற இணைய நிரலாளர் மாநாட்டில், ‘எவரும் எளிதில் நிரப்பும் படிவம்’ என்னும் பொருளில் உரையாற்றி முடித்த இளஞ்செழியன் நிலைகொள்ளாமல் தவித்தான். கேட்டோர் கருத்துகள் நன்றாக அமைந்தால்தான் சென்னை மாநாட்டில் பேச அழைப்பு வரும்.

“எத்தினி பேரு எழுதிக்கிறாங்க?”

“ஒருத்தருதாங்க,” என்றாள் ஒருங்கிணைப்பாளர் ஷாலினி. “மும்பைலேர்ந்து வந்த அகர்வால். தமிழ் தெரியாததால ஒண்ணும் புரியலன்னு எழுதிக்கிறாரு.”

“மத்தவங்க? அப்பிடி கை தட்டுனாங்களே.”

“எல்லாரும் எழுதித்தான் பாத்தாங்க. கருத்து எழுதற ஃபார்ம்ல குடும்பப் பேரு கட்டாயமாம். நம்மாளுங்க இனிஷியல் போட்டா, ஒரு எழுத்து பத்தாதுன்னு ஃபார்ம் தள்ளிடுது.”

“எந்த முட்டாள் செஞ்ச ஃபார்முங்க அது?” என்று சீறினான்.

ஷாலினி தயங்கினாள்.

“நீங்க செஞ்ச ஃபார்ம் ஒண்ண மேடையில உதாரணமா காட்டுனீங்களே. அதையேதாங்க எல்லாருக்கும் அனுப்புனோம்.”