அக்கா திறக்கும் பாலம்

"அழாமச் சொல்லணும். அழுதா உங்கக்கா இன்னும் முறுக்கிக்குவா. நான்தான் இப்ப உங்கக்கா. ம், ஆரம்பி!"

சலவைக் கடைக்காரர் படகின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் அவர் மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கக்கா ஒண்ணும் இப்படி முழிக்க மாட்டா. போங்க!"

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கடையைப் பூட்டிவிட்டு, வாடகைப் படகு எடுத்துக்கொண்டு, கடலோரக் கால்வாயில் கிளம்பியிருந்தார்கள் இருவரும். வழியில் நாலு தூக்குப் பாலம். நாலாவது பாலத்தைத் தூக்கி இறக்குவது அவளுடைய அக்கா. ஆறு வருஷமாகத் தங்கையோடு பேச்சே கிடையாது. போன் செய்தால் எடுப்பதில்லை. ஆனால் படகு வந்து நின்றால் பாலத்தைத் திறந்துதானே ஆக வேண்டும்? அப்போது நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று திட்டம். திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில்தான் காலையிலிருந்து இந்த ஒத்திகை.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், படகு கிளம்பியதும் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. காற்று அடித்த அடியில் படகில் இருந்த எல்லாமே ஆடியது. கடையில் எது ஆடினாலும் ஒரு துணிக் கிளிப்பைப் போட்டுவிடுவது அவள் வழக்கம். இங்கேயும் திரைச்சீலை, வரைபடம், டொக் டொக்கென்று கண்ணாடியில் இடித்த வயர்லெஸ் மைக், துவட்டிய துண்டு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"என்னையும் ஒரு கிளிப் போட்டு மாட்டிடேன்," என்றார் அவர்.

"வாயில வேணா போடுறேன். இப்பக் கேளுங்க. அக்கா, உன் வெள்ளை யூனிஃபார்ம் ரோஸ் கலராப் போனதுக்கு, துணிதான் மட்டம்னு சொன்னேனே, அது பொய். நீ வேலைக்குச் சேர்றதுக்கு முந்தின நாள் அவசரத்துல மிஷின்ல போட்டேனா, உள்ள இவரோட சிவப்பு ஜட்டி கிடந்திருக்கு..."

"அய்யய்யோ, என் ஜட்டியை ஏன்டி இழுக்கிற? சிவப்புத் துண்டுன்னு சொல்லித் தொலையேன்!"

"பொய் சொல்லித்தானே ஆறு வருஷம் போச்சு? இனிமே ஜட்டின்னா ஜட்டிதான்!"

பாவம் அக்கா. பாலத்து வேலைக்கு வந்த முதல் பெண் என்று ஊரே வேடிக்கை பார்க்க வந்த நாளில், ரோஸ் கலரில் போய் நின்றாள். அதற்கப்புறம் தங்கை பேச்சை நம்பி, அதைத் தைத்துக் கொடுத்த தையல்கடைக்காரரோடு தெருவில் நின்று சண்டை போட்டுத் தோற்றாள். உண்மை தெரிந்த பிறகு தங்கை வீட்டுப் பக்கமே வரவில்லை.

முதல் பாலம் வந்தது. ஹாரன் அடிக்கக் கை போவதற்குள் பாலம் தானாக மேலே போனது. பாலத்து ஆள் பல்லெல்லாம் தெரிய வணக்கம் வைத்தார்.

"பார்த்தியா மரியாதையை! ஆனா இப்ப ஒரு காப்பி கிடைச்சா தேவலை," என்றார் அவர்.

இரண்டாவது பாலத்தில், மேலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கியது. உள்ளே இரண்டு கப் காப்பி, ஆவி பறக்க!

"இந்தப் பக்கத்து ஜனங்களே தங்கம்ங்க!" அவள் குதித்ததில் படகு ஆடியது. "வயர்லெஸ்ல நாள் முழுக்க ஆளாளுக்குக் கத்துவாங்கன்னு படகு வாடகைக்கு விட்டவர் பயமுறுத்தினாரே, ஒரு சத்தம் உண்டா?"

"எல்லாம் நம்ம அதிர்ஷ்டம்."

எதிரே மணல் ஏற்றி வந்த படகுக்காரர் மட்டும் இவர் இடுப்பைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சலவைக் கடைக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டார். பேன்ட் சரியாகத்தான் இருந்தது.

மூன்றாவது பாலமும் போனது. ஒத்திகை தொடர்ந்தது. கோபமாக ஒரு தடவை, கெஞ்சலாக ஒரு தடவை, காலில் விழுகிற மாதிரி ஒரு தடவை. எட்டாவது தடவை அவள் அவரைப் பார்க்கவே இல்லை, தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்.

"உண்மையைச் சொன்னா நீ என்னை விட்டுப் போயிடுவேன்னு பயந்தேன்க்கா. பொய் சொன்னதாலதான் போயிட்ட. நீ இல்லாம நான் யார்கிட்ட உரிமையா சண்டை போடுறது?"

அவருக்கு அக்காவாக நடிக்க மறந்துபோனது. மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

அதற்குமேல் மூன்று தடவை சொல்லிப் பார்ப்பதற்குள் நாலாவது பாலம் வந்துவிட்டது. இது மட்டும் மூடியே இருந்தது. ஹாரன் அடித்தும் அசையவில்லை. மேலே அறைக்கு வெளியே, வெள்ளை வெளேரென்ற யூனிஃபார்மில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அக்கா நின்றாள்.

தங்கைக்கு மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோனது.

"அக்கா..." என்றாள்.

அக்கா உள்ளே போனாள். அவ்வளவுதான், முடிந்தது என்று தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். கரகரவென்று சத்தம் கேட்டது. பாலம் மேலே போய்க்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் வந்தது.

"போதும்டி! பதினோரு தடவை கேட்டாச்சு, எட்டாவதுலயே நான் அழுதுட்டேன். மாப்பிள்ளை, உங்க சிவப்பு ஜட்டி இந்தக் கால்வாய் முழுக்கப் பேமஸ்! படகைக் கட்டிட்டு மேல வாங்க, சாப்பாடு ஆறுது. அதுக்கு முன்னாடி, வயர்லெஸ் மைக் பட்டன் அமுங்கியே இருக்கிற மாதிரி எதையோ மாட்டி வச்சிருக்கியே, உன்னைப் பத்தித் தெரியாதா, துணிக் கிளிப்பாத்தான் இருக்கும், அதை எடுடி!"