கழுவிய முள்ளங்கி

காட்டோரத்து உழவர் சந்தையில் ஒரே ஒரு சட்டம்தான். தன் தோட்டத்தில் விளைந்ததை மட்டுமே விற்க வேண்டும். அதைக் கண்காணிக்கும் அதிகாரி செம்மறிக்கிடா. எது சொந்த விளைச்சல், எது வாங்கிய சரக்கு என்று பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவேன் என்பது அவருடைய பெருமை.

ஒருநாள் முயலம்மாவின் கூடை முன்னால் நின்றார். முள்ளங்கி வெள்ளை வெளேரென்று மின்னியது.

"தோட்டத்துக் காய்ல துளி மண்ணுகூடவா இருக்காது? இது வாங்கி விக்கிற சரக்கு!"

"வாங்குறவங்களுக்குச் சுத்தமா இருக்கட்டும்னு கழுவினேங்கய்யா."

சந்தையே வேடிக்கை பார்க்க, அவளை வெளியே அனுப்பினார். பக்கத்துக் கடையில் பெருச்சாளியின் காய்களில் மண் அப்பியிருந்தது. "விவசாயின்னா இவன்!" என்று முதுகில் தட்டினார்.

சற்று நேரத்தில் மழை கொட்டியது. பெருச்சாளி பூசிய மண் கரைந்தது. உள்ளே இருந்ததெல்லாம் மொத்தக்கடையில் ஒதுக்கித் தள்ளிய வாடல் காய்கள். பெருச்சாளி கம்பி நீட்டிவிட்டான். கூட்டம் கிடாவைத் திரும்பிப் பார்த்தது.

அவர் நனைந்தபடியே முயலம்மாவின் தோட்டத்துக்கு நடந்தார். பாத்தி பாத்தியாக முள்ளங்கி தழைத்து நின்றது. விற்காத கூடையை ஓரமாக வைத்துவிட்டு அவள் களை கொத்திக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"இந்தத் தோட்டத்தையும் மூடச் சொல்லி வந்தீங்களாய்யா?"

கிடாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "இல்லம்மா, தப்பு என்னோடது" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், இனி விவசாயமே வேண்டாம் என்பதுபோல் அவள் களைக்கொத்தை அவர் காலடியில் வைத்துவிட்டிருந்தாள்.