புள்ளிக்குள் வேம்புலி

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் நாக்கு அழுகிப் போகட்டும். தொண்ணூற்றொன்றில் மேனாம்பேட்டில் நடந்தது.

அன்றைக்கு ஒரு டி.வி. தொடரின் இரண்டாம் பாகம் ஆரம்பம். போன வருஷம் ஜெயிலுக்குப் போன நாலு எத்தர்களும் மறுபடி ஒன்று சேர்ந்து ஒரு பேங்கை ஏமாற்றப் போகிறார்கள். கதவைத் திறந்துவிடும் வாட்ச்மேனாக நடித்தது எங்கள் தெரு வேம்புலி.

தெருவுக்கே ஒரு டி.வி., கோதண்டம் வீட்டில். எல்லாரும் அங்கேதான். பட்டாபிராமிலிருந்து வேம்புலியின் மாமனார் முனியனும் வந்துவிட்டார்.

"மூணு மாசமா ஷூட்டிங்னு சொல்லிகினு சுத்தறே. இன்னிக்கு உன் மூஞ்சி வரல, என் பொண்ண இட்டுகினு பூடுவேன் மாப்ளே."

வேம்புலி சுவரோரம் போய் உட்கார்ந்தான். நாகவல்லி புருஷன் சட்டை நுனியை விடவில்லை.

திரையில் நாலு எத்தர்களும் நாலு திசையிலிருந்து வந்து, ஒருவரையொருவர் பார்த்து லேசாகத் தலையசைத்தார்கள். அவ்வளவுதான். கூட்டம் மூச்சு விட மறந்தது. வேன் பேங்க் வாசலில் நின்றது.

"படம் ஆடுது. ஆன்டெனாவைப் பாக்கறேன்" என்று கோதண்டம் எழுந்தார்.

"நல்லாத்தானே கீது? குந்து நைனா."

கேட்காமல் மாடிக்கு ஓடினார். திரை முழுக்கப் புள்ளி.

"இப்போ?" மேலிருந்து குரல்.

"இன்னும் மோசம். அந்தாண்ட திருப்பு."

"இப்போ?"

படம் வந்தபோது வேன் பணத்தோடு பறந்துகொண்டிருந்தது. கோதண்டத்தின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள்.

முனியன் எழுந்தார். "எங்க மாப்ளே உன் மூஞ்சி?"

பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் விடவில்லை. "புள்ளிக்கு நடுவுல மூக்கு தெரிஞ்சிதே, பாக்கல நீ?"

"காக்கித் தொப்பிகூட" என்றார் எதிர்வீட்டு இக்னேஷியஸ்.

"சல்யூட் அடிச்சாரே" என்றாள் அவர் மகள் ஜெயசீலி.

முனியன் சுற்றிலும் பார்த்தார். தனக்கு மட்டும் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வார்?

"நானுந்தான் பாத்தேன். தொப்பி எடுப்பா இருந்துச்சி" என்று மருமகன் தோளில் கை போட்டார்.

அசந்துபோனேன். டி.வி.யில் வந்த நாலு பேராலும் முடியாத வேலை அது.

வேம்புலி நிஜமாகவே நடித்தவன்தான். அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று அன்று மத்தியானம்தான் அவனுக்குச் சேதி வந்தது. ஒரே ஒரு ஆளிடம் சொல்லி அழுதான்.

இந்தக் கதையைச் சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். மேனாம்பேட்டில் என்னை இன்றைக்கும் 'ஆன்டெனா கோதண்டம்' என்றுதான் திட்டுகிறார்கள். திட்டட்டும்.