ஜப்பானுக்குப் போகும் வயல்

"தொப்பியைக் கழட்டுங்க. விருந்தாளி உட்கார்ந்திருக்கார்," என்றாள் ரிக்ஸ்ட்.

"குளிருது," என்றார் வீட்ஸே.

ஏப்ரல் வெயில் சமையலறை மேசைமேல் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காப்பி ஊற்றப் போனாள்.

மேசைக்கு எதிரே இருந்த விருந்தாளி ஒகுமுரா, ஜப்பான் அரசு அனுப்பிய பயிர் ஆய்வாளர். பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய அமைச்சர்கள் எத்தனை ஒப்பந்தம் வேண்டுமானாலும் போட்டுக் கைகுலுக்கட்டும். இந்த மனிதர் கையெழுத்துப் போடாவிட்டால் வீட்ஸேயின் துலிப் கிழங்கில் ஒன்றுகூடக் கப்பல் ஏறாது. விளைச்சலில் பாதிக்குமேல் ஜப்பானை நம்பித்தான்.

அவர்களின் பதினாறு வயது மகள் ஃபென்னா கோட்டைக் கழற்றாமல் கதவோரமாக நின்றாள். கோட்டுப் பைக்குள் அவள் கை. கைக்குள் இரண்டு துலிப் செடிகள், கிழங்கோடும் மண்ணோடும்.

சிவப்புப் பூவில் வெள்ளைக் கோடு. பார்க்கத்தான் அழகு, அது நோய். பூச்சி வழியாகப் பக்கத்துச் செடிக்குத் தாவி, விட்டால் வயலையே தின்றுவிடும். அப்படி ஒன்றைக் கண்டால் கிழங்கோடு பிடுங்கிச் சாக்கில் போட வேண்டும். இந்த விடுமுறையில் வரிசை வரிசையாக நடந்து தேடும் வேலை அவளுடையது. "என் பொண்ணுக்குக் கழுகுக் கண்ணு" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். நேற்று மாலை அவளும் "வயல் சுத்தம்ப்பா" என்று சொல்லிவிட்டாள்.

இன்று காலை மறுபடியும் போய்ப் பார்த்தபோது வாய்க்கால் ஓரமாக இரண்டு. பிடுங்கி நிமிர்ந்தாள், ஆய்வாளரின் கார் வந்து நின்றது. சாக்கு எங்கோ கிடந்தது. கோட்டுக்குள் திணித்தவள்தான். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவரோ காரை நோக்கி ஓடி, தொப்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி ஜப்பான் பாணியில் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தார்.

ரிக்ஸ்ட் பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று கொடுத்து மூடினாள்.

"சாருக்கு இன்னொண்ணு குடு," என்றார் வீட்ஸே.

ரிக்ஸ்டின் புருவம் உயர்ந்தது. அவள் மாமியார் வந்தபோதுகூட அந்த டப்பா இரண்டாம் முறை திறந்ததில்லை.

"அப்புறம் ஒகுமுரா சார், வயலு எப்படி? நாப்பது வருஷத்துல கோடு விழுந்த பூ ஒண்ணு இங்க முளைச்சதில்ல. தேடிப் பாத்தாலும் கிடைக்காது."

ஒன்பது வசந்தமாக வந்துபோகும் ஒகுமுராவுக்கு இந்த ஊர்ப் பேச்சு நன்றாக வரும். என்ன, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார்.

"மூணு மணி நேரம் நடந்தேன் வீட்ஸே. ஒரு நோய்ச் செடிகூட இல்ல."

"நான்தான் சொன்னேனே."

"அதுதான் எனக்குச் சிக்கல்."

வீட்ஸேயின் கையிலிருந்த கோப்பை அந்தரத்தில் நின்றது.

"போன வாரம் பக்கத்து வயலுக்கு வந்தேன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், உங்க வயல்ல, நோய்ச் செடி பார்த்தேன். அப்ப வெறும் மொட்டு. ஆனா இலையிலயே தெரிஞ்சுது. யார்கிட்டயும் சொல்லல. இன்னிக்கு ஒண்ணைக்கூடக் காணோம். எங்க போச்சு?"

"வேற வயலா இருக்கும் சார்."

"இதே வயல்தான். நாய் ஏதாவது மிதிச்சு ஒடிச்சிருந்தா கிழங்கு மண்ணுக்குள்ளயே இருக்கும். நோயும் இருக்கும். நோயே வராத வயல்னு உலகத்துல எதுவும் இல்ல வீட்ஸே. கண்ணு வெச்சுப் பாத்துப் புடுங்குற ஆள் இருக்கிற வயல்தான் நல்ல வயல். இங்க அந்த ஆள் இருக்காங்களா?"

வீட்ஸே தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். தொப்பியின் ஓரத்திலிருந்து ஒரு மண் துளி அவர் நெற்றியில் மெல்ல இறங்கியது. ஒகுமுரா பேனாவை மூடினார்.

மூடி 'டக்'கென்று விழுந்த சத்தத்தில் ஃபென்னா மேசையை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள்.

"நான்தான் புடுங்கினேன்."

அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. இரண்டு செடிகளையும் எடுத்து வெள்ளை மேசை விரிப்பில் வைத்தாள்.

"நேத்து என் கண்ணுல படல. இன்னிக்குத்தான் பட்டுது. அப்பாவுக்கு எதுவும் தெரியாது சார். அவரைத் தப்பா நினைக்காதீங்க. பயத்துல ஒளிச்சுட்டேன்."

அப்பாவைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஒகுமுரா ஒரு செடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிழங்கு முழுசா வந்திருக்கு. வேர்கூட அறுபடல. நல்ல கை," என்றார். பேனா மறுபடி திறந்தது. காகிதத்தைத் தொடப்போய் நின்றது.

"ஆனா நான் பார்த்தது மூணு."

"ரெண்டுதான் சார் இருந்துச்சு. சத்தியமா." ஃபென்னாவுக்கு அழுகை முட்டியது. "அந்த வரிசையில ரெண்டு தடவை நடந்துட்டேன்."

"மூணு," என்றார் ஒகுமுரா அமைதியாக.

வீட்ஸே நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, காலையிலிருந்து கழற்றாத தொப்பியைக் கழற்றினார். நாலாக மடித்த ஒரு சிவப்புத் துலிப், வெள்ளைக் கோட்டோடும் கிழங்கோடும் அவர் வழுக்கையிலிருந்து சரிந்து பிஸ்கட் டப்பாமேல் விழுந்தது.

"கழுகுக் கண்ணு அவளுக்கு யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு நினைச்சீங்க சார்?" என்றார்.