தவிலைக் காணோம்

ரெஜினா தன் கையாலேயே பலகை அறுத்து, பசை போட்டு, இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் செய்தாள். தனித்தனியாகப் போட்டுப் பார்த்தபோது இரண்டிலும் தவில் கும்மென்று அதிர்ந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டதும் நாதஸ்வரம்தான் கேட்டது, தவிலைக் காணோம்.

“நான் காத்தை முன்னால தள்ளுறப்போ நீ ஏன் பின்னால இழுக்கிற?” என்று சீறியது இடது பெட்டி.

“இழுக்கிறது நீதான். நான் தனியா நல்லாத்தானே பாடினேன்?” என்றது வலது பெட்டி.

“நானும்தான் பாடினேன்!”

சத்தத்தைக் கூட்டியும் தவில் வரவில்லை.

“ஒண்ணைக் கழட்டிட்டு இன்னொண்ணோட இருந்துட வேண்டியதுதான்” என்று ரெஜினா ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். பெட்டிகளுக்குப் பகீரென்றது. அவள் ஆம்ப்ளிஃபயரை அணைத்ததும் இரண்டுக்கும் நினைவு போய்விட்டது.

பெட்டிகளின் பின்பக்கம் குனிந்தவள், “அட, ரெண்டுலயும் வயர் ஒரே மாதிரி இல்லையே!” என்று சிரித்தாள். ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் இடம் மாற்றி முடுக்கினாள்.

மறுபடி பாட்டு வந்தது. இந்த முறை தவில் அறையையே உலுக்கியது. “ஒரு பெட்டியோட வயரை மாத்தினதும் சரியாயிடுச்சே!” என்றாள் ரெஜினா.

“யாரோட வயரை அவ மாத்தினா?” என்று கிசுகிசுத்தது இடது பெட்டி.

“தெரியல. என்னோடதாவே இருந்துட்டுப் போகட்டும்” என்றது வலது பெட்டி. “நீ தள்ளு, நானும் தள்ளுறேன்.”